சேர்லிஃப்டை வேகமாக்கினால் வரிசை குறையுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் அக்கா மகன் அமெரிக்காவில், கொலராடோ மாநிலத்தில் நடுத்தர அளவிலான ஒரு பனிச்சறுக்கு மையத்தில் மெக்கானிக்காக இருக்கிறான். அடிவாரத்திலிருந்து உச்சிக்கு ஆட்களை ஏற்றும் பழைய சேர்லிஃப்டைக் கழற்றிவிட்டு, வேகமாக ஓடும் நான்கு இருக்கை லிஃப்டைப் போடலாமா, போட்டால் வரிசை குறையும் என்று கடிதம் எழுதி அங்குள்ள நிர்வாகம் ஊழியர்களிடமும் சீசன் டிக்கெட் வைத்திருப்பவர்களிடமும் கருத்துக் கேட்டிருக்கிறது. "மாமா, நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்று அவன் என்னிடம் கேட்டான். விஷயம் வீட்டில் பரவி, தெருவில் பரவி, கடைக்கு வருகிறவர்கள் வரை போய்விட்டது. ஒரே கேள்விக்குத் தினமும் பதில் சொல்ல முடியாது என்பதால் எழுதி வைத்துவிட்டேன்.

ராயபுரத்தில் இருப்பவருக்குப் பனிமலை லிஃப்டைப் பற்றி என்ன தெரியும்?

பனியைப் பற்றி அதிகம் தெரியாது. வடத்தைப் பற்றித் தெரியும். துறைமுகத்தில் கிரேன் வடங்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தவன் நான். இப்போது மண்ணடியில் வயர் ரோப், கப்பி, ஷேக்கிள் விற்கிறேன். சேர்லிஃப்டின் உயிர் இரும்பு வடத்தில்தான் இருக்கிறது. மற்றதெல்லாம் அதைச் சுற்றவும் தாங்கவும் நிறுத்தவும் செய்யப்பட்ட ஏற்பாடுகள். தவிர, ஒரு குளிர்காலத்தில் அக்கா மகனோடு தங்கி, இரண்டு வகை லிஃப்டிலும் ஏறி, அவற்றின் எந்திர அறைக்குள்ளும் போய்ப் பார்த்திருக்கிறேன்.

சேர்லிஃப்ட் என்பது பழனி ரோப் கார் போன்றதுதானா?

ஒரே குடும்பம். பழனியில் 2004 முதல் ஓடும் ரோப் காரில் பெட்டிகள் வடத்தில் தொங்கிக்கொண்டு போகின்றன. சேர்லிஃப்டில் பெட்டி கிடையாது. கால் தொங்கும் திறந்த நாற்காலிதான். பழனியின் விஞ்ச் வேறு சாதி: அது தண்டவாளத்தில் நிற்கும் வண்டி, வடம் அதை இழுக்கிறது.

சேர்லிஃப்டில் வடம் முடிவில்லாத வளையமாக, மேலே ஒரு பெரிய சக்கரத்தையும் கீழே ஒரு பெரிய சக்கரத்தையும் சுற்றி ஓடிக்கொண்டே இருக்கும். இடையில் டவர்கள். பனிச்சறுக்குப் பலகைகளைக் காலில் மாட்டியபடியே ஆட்கள் அடிவாரத்தில் உட்காருவார்கள், உச்சியில் இறங்கிச் சறுக்கி வருவார்கள், மறுபடியும் வரிசையில் நிற்பார்கள். நாள் முழுவதும் இதுதான் சுற்று. இந்தச் சுற்றை மறந்துவிட்டால் கீழே வரும் கணக்கு எதுவும் புரியாது.

பழைய லிஃப்டுக்கும் வேக லிஃப்டுக்கும் என்ன வித்தியாசம்?

நாற்காலியை வடத்தோடு பிணைக்கும் பிடியில்தான் வித்தியாசம்.

பழைய வகையில் பிடியை வடத்தில் இறுக்கி முடுக்கிவிடுவார்கள். வடம் எந்த வேகத்தில் ஓடுகிறதோ அந்த வேகத்தில்தான் நாற்காலி உங்கள் முட்டிக்குப் பின்னால் வந்து சேரும். அதனால் வடத்தை வேகமாக ஓட்ட முடியாது. நொடிக்கு 2 முதல் 2.5 மீட்டர் வரை, அவ்வளவுதான். நல்ல நடையைவிட அதிகம், ஓட்டத்தைவிடக் குறைவு.

வேக வகையில் பிடி ஒவ்வொரு நிலையத்திலும் வடத்தை விட்டுவிடும். எந்திர அறைக்குள் நின்று இதைப் பார்க்க வேண்டும். நாற்காலி நொடிக்கு 5 மீட்டர், அதாவது மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் உள்ளே வருகிறது. பிடியின் மேலிருக்கும் நெம்புகோல் ஒரு வழித்தடத்தில் ஏறுகிறது, சுருள்வில் அமுங்குகிறது, தாடை திறக்கிறது, வடம் தன் போக்கில் போய்விடுகிறது. நாற்காலி இப்போது சின்னச் சக்கரங்களின் மீது தண்டவாளத்தில் தொங்குகிறது. அதற்கு மேலே வரிசையாக ரப்பர் டயர்கள். ஒவ்வொரு டயரும் முந்தையதைவிடச் சற்று மெதுவாகச் சுழல்கிறது. நாற்காலியை உரசி உரசி அதன் வேகத்தைக் கறக்கிறது. நொடிக்கு ஒரு மீட்டர் அளவுக்கு இறங்கியதும் ஆட்கள் நிதானமாக உட்காருகிறார்கள். மறுபக்கம் டயர்கள் படிப்படியாக வேகம் கூட்டுகின்றன. வடத்தின் வேகத்தை எட்டிய கணத்தில் தாடை மூடுகிறது. அந்தச் சத்தம் துறைமுகத்தில் கன்டெய்னர் பூட்டு விழும் சத்தத்தைவிடச் சிறியது. ஆனால் ஆறு நொடிக்கு ஒரு முறை, நாள் முழுவதும் விழுகிறது. பிடி வெளியே போவதற்கு முன் அதன் இறுக்கம் அளக்கப்படுகிறது. குறைந்தால் லிஃப்டே நின்றுவிடும்.

இந்த வகையில் நான்கு பேர் உட்காரும் லிஃப்ட் முதன்முதலாக 1981-ல் கொலராடோவின் பிரெக்கன்ரிட்ஜில் ஓடியது. இன்று ஆறு, எட்டு இருக்கை வரை வந்துவிட்டன.

வேகம் இரு மடங்கு என்றால் மணிக்கு இரு மடங்கு ஆட்களை ஏற்றலாமே?

எல்லோரும் கேட்பது இதைத்தான். ஐ.சி.எஃப்.-ல் முப்பது ஆண்டு ரயில் பெட்டி கட்டிய பக்கத்து வீட்டு அண்ணனும் இதைத்தான் கேட்டார். பதில்: ஏற்ற முடியாது. ஒருவர் கூடக் கூடுதலாக ஏற்ற முடியாது.

லிஃப்டின் கொள்ளளவைத் தீர்மானிப்பவை இரண்டு: ஒரு நாற்காலியில் எத்தனை பேர், இரண்டு நாற்காலிகளுக்கு இடையே எத்தனை நொடி. நான்கு பேர் உட்காரும் நாற்காலி ஆறு நொடிக்கு ஒன்று வந்தால் மணிக்கு 600 நாற்காலி, 2,400 பேர். வடம் எந்த வேகத்தில் ஓடினாலும் அதுதான். ஆறு நொடிக்குக் கீழே இறக்குவது கடினம், ஏனென்றால் மனிதர்கள் நகர்ந்து வந்து உட்கார அந்த நேரம் தேவை. எந்திரத்தை வேகமாக்கலாம், பலகை மாட்டிய காலோடு தத்தித் தத்தி வரும் ஆளை வேகமாக்க முடியாது.

கணக்குக்காக 1,500 மீட்டர் நீள லிஃப்டை எடுத்துக்கொள்வோம். நொடிக்கு 2.3 மீட்டரில் மேலே போக ஏறத்தாழ 11 நிமிடம். நொடிக்கு 5 மீட்டரில் 5 நிமிடம். மெதுவான லிஃப்டில் நாற்காலிகளுக்கு இடையே 14 மீட்டர், வேகமானதில் 30 மீட்டர். ஆகவே மெதுவான நான்கு இருக்கை லிஃப்டில் எந்த நேரமும் சுமார் 430 பேர் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருப்பார்கள். வேகமானதில் 200 பேர்தான். மீதி 230 பேர் எங்கே போனார்கள்? ஆவியாகவில்லை. வரிசையில் நிற்கிறார்கள்.

இன்னும் தெளிவாக: ஞாயிற்றுக்கிழமை, மலையில் 1,000 பேர் இந்த லிஃப்டைச் சுற்றி வருகிறார்கள். மணிக்கு 2,400 பேர் ஏறினால், ஒருவருக்கு மறுமுறை வாய்ப்பு வர 25 நிமிடம். மெதுவான லிஃப்டில் அந்த 25 நிமிடம் எப்படிப் போகும்? நாற்காலியில் 11, சறுக்கி இறங்க 5, வரிசையில் 9. வேகமான லிஃப்டில்? நாற்காலியில் 5, சறுக்க 5, வரிசையில் 15. மொத்தம் அதே 25. உட்கார்ந்திருந்த ஆறு நிமிடத்தைப் பிடுங்கி நிற்கவைத்தாயிற்று.

கோடையில் தண்டையார்பேட்டையில் லாரித் தண்ணீர் பிடித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. லாரியில் ஒரு குழாய், ஒரு குடம் நிரம்ப அரை நிமிடம், தெருவில் ஐம்பது பேர். குடத்தைத் தூக்கிக்கொண்டு நீங்கள் ஓடினாலும் நடந்தாலும் அடுத்த குடம் 25 நிமிடம் கழித்துத்தான். ஓடுகிறவர் சீக்கிரம் திரும்பி வந்து அதிக நேரம் வரிசையில் நிற்பார். இடுப்பு வலிதான் மிச்சம்.

பொறியியல் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு குறிப்பு: இது லிட்டில் விதி. ஜான் லிட்டில் என்பவர் 1961-ல் நிரூபித்தது. ஓர் இடத்துக்குள் இருக்கும் ஆட்களின் எண்ணிக்கை, மணிக்கு எத்தனை பேர் வந்து சேருகிறார்கள் என்பதையும் ஒருவர் உள்ளே தங்கும் நேரத்தையும் பெருக்கினால் கிடைப்பது. தேர்வில் எழுதுவீர்கள், இங்கே பொருத்திப் பாருங்கள்.

அப்படியானால் அங்கே இப்போது இருக்கும் நீண்ட வரிசைக்கு என்ன காரணம்?

அங்கே இருப்பது இரண்டு பேர் உட்காரும் லிஃப்ட். மணிக்கு 1,200 பேர்தான். மேலே சொன்ன அதே 1,000 பேர் வந்தால் ஒரு சுற்றுக்கு 50 நிமிடம் ஆகும். அதில் 34 நிமிடம் வரிசையில் போகும். சீசன் டிக்கெட்காரர்கள் கத்துவதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் அந்த 34 நிமிடத்தைக் குறைக்கப்போவது கூடுதல் இருக்கைகள். விளம்பரத்தில் பெரிதாகப் போடப்படுவது வேகம். மெதுவான நான்கு இருக்கை லிஃப்டைப் போட்டாலே 34 நிமிடம் 9 ஆகிவிடும்.

வேக லிஃப்டால் பயனே இல்லை என்கிறீர்களா?

அப்படிச் சொன்னால் அக்கா மகன் சண்டைக்கு வருவான். பயன் உண்டு, எப்போது, யாருக்கு என்பதுதான் பேச்சு.

வரிசையே இல்லாத நாளில் அதன் அருமை தெரியும். செவ்வாய்க்கிழமை 300 பேர்தான் வந்திருக்கிறார்கள் என்றால், மெதுவான லிஃப்டில் ஒரு சுற்று 16 நிமிடம், வேகமானதில் 10 நிமிடம். அது பெரிய லாபம். கூட்டத்தைச் சமாளிப்பதற்காக வாங்கும் எந்திரம் கூட்டமில்லாத நாளில்தான் பலன் தருகிறது என்பது இதில் உள்ள வேடிக்கை.

அடுத்தது குளிர். பூஜ்யத்துக்குக் கீழே பதினைந்து டிகிரியில், மலைக்காற்று முகத்தில் அறைய, அசையாமல் பதினொரு நிமிடம் தொங்குவது என்றால் என்ன என்பதை நான் அனுபவித்திருக்கிறேன். மார்கழியில் மெரினாவில் ஸ்வெட்டர் போடும் ஊர்க்காரன் சொல்வது இருக்கட்டும், அங்கேயே பிறந்தவர்களும் அதைப் பற்றிப் புலம்புகிறார்கள். வரிசையில் நிற்கும்போது காலை உதறலாம், நகரலாம், பேசலாம். காற்றுக்கு மறைவும் இருக்கும். ஆகவே நாற்காலியின் ஐந்து நிமிடமும் வரிசையின் ஐந்து நிமிடமும் ஒன்றல்ல.

மூன்றாவதை என் கணக்கு கண்டுகொள்ளவில்லை, அதைச் சொல்லாமல் விடக் கூடாது. பழைய லிஃப்டில் ஏறும்போது பிள்ளைகளும் புதியவர்களும் தடுமாறி விழுவார்கள். உடனே லிஃப்டை நிறுத்துவார்கள் அல்லது மெதுவாக்குவார்கள். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் மலையில் தொங்கும் அத்தனை பேரும் காத்திருக்க வேண்டும். காகிதத்தில் 2,400 என்று இருப்பது நடைமுறையில் நிச்சயம் குறையும். வேக வகையில் நாற்காலி நிதானமாக வருவதால் விழுகிறவர்கள் குறைவு, நிறுத்தமும் குறைவு. கற்றுக்கொள்கிறவர்கள் நிறைய வரும் மலைக்கு இது ஒன்றே போதுமான காரணமாக இருக்கலாம்.

ஆட்களை அதிகம் ஏற்றுவது எப்படியும் நல்லதுதானே?

ஏறியவர்கள் இறங்கி வர வேண்டும். மணிக்கு 1,200 பேர் இறங்கிய சரிவில் 2,400 பேர் இறங்கினால், எந்தக் கணத்திலும் சரிவில் இருப்பவர்கள் இரு மடங்கு. அகலமான மலைக்கு அது பொருட்டே இல்லை. மரங்களுக்கிடையே மூன்று குறுகிய பாதைகள் மட்டும் இருக்கும் மலையில் ஒருவர் மீது ஒருவர் மோதுவார்கள். பனியும் மதியத்துக்குள் தேய்ந்து தரை எட்டிப் பார்க்கும்.

இதை யோசித்து முடிவெடுத்த இடம் ஒன்று இருக்கிறது. வெர்மான்ட் மாநிலத்தின் மேட் ரிவர் க்ளென். 1948-ல் போட்ட, ஒருவர் மட்டுமே உட்காரும் லிஃப்ட் அங்கே இருக்கிறது. 1995 முதல் அந்த மலையே சறுக்குகிறவர்களின் கூட்டுறவுச் சங்கத்துக்குச் சொந்தம். லிஃப்ட் பழுதானபோது பெரியதாக ஒன்றை மாற்றிவிடலாம் என்ற பேச்சு வந்தது. உறுப்பினர்கள் ஒப்பவில்லை. 2007-ல் அதே ஒற்றை நாற்காலி லிஃப்டைப் புதுப்பித்துக்கொண்டார்கள். வரிசையில் நிற்கிறோம், பரவாயில்லை. சரிவில் நெரிசல் வேண்டாம் என்பது அவர்கள் கட்சி. பழமைப் பற்றும் கொஞ்சம் கலந்திருக்கிறது என்பது என் சந்தேகம். ஆனாலும் கணக்கு சரி.

யூட்டாவின் டியர் வேலி வேறு வழி எடுத்தது: ஒரு நாளைக்கு இத்தனை டிக்கெட்தான் என்று வரம்பு வைத்துவிட்டார்கள். வரிசையைக் குறைக்க அதைவிட நேரான வழி கிடையாது. எந்த நிர்வாகமும் முதலில் அதை யோசிப்பதில்லை என்பதும் இயற்கை.

செலவு எவ்வளவு வித்தியாசப்படும்?

ஒரே நீளத்துக்கு வேக வகை ஏறத்தாழ இரு மடங்கு. சில மலைகளில் அதற்கும் மேல். அந்தப் பணம் டவருக்கோ வடத்துக்கோ போவதில்லை. இரண்டு முனையிலும் உள்ள அந்த டயர் வரிசைக்கும், பிடிகளுக்கும், உணரிகளுக்கும், கட்டுப்பாட்டு மின்னணுவுக்கும் போகிறது.

வாங்கும் விலையோடு முடிந்தால் பரவாயில்லை. பழைய வகைப் பிடி சில போல்ட்டும் இரண்டு இரும்புத் துண்டும். வேக வகைப் பிடியில் சுருள்வில், தாடை, உருளை, நெம்புகோல் எல்லாம் உண்டு. அவற்றைக் குறித்த காலத்தில் பிரித்துச் சுத்தம் செய்து, வெடிப்பு இருக்கிறதா என்று சோதித்து, மறுபடி பூட்ட வேண்டும். கோடை முழுவதும் அக்கா மகனுக்கு அதுதான் வேலை. டயர்கள் தேயும், பெல்ட்டுகள் தேயும். கட்டுப்பாட்டு மின்னணு இரும்பைவிட வெகு சீக்கிரம் கிழடாகும். அதற்கு உதிரி பாகம் தேடும் அவஸ்தையைத் துறைமுகத்தில் நிறையப் பார்த்துவிட்டேன்.

பழைய வகையில் எனக்குப் பிடிக்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பிடி வடத்தின் ஒரே இடத்தைக் கவ்விக்கொண்டிருப்பதால், அதன் இருபுறமும் வடம் ஒரே இடத்தில் வளைந்து வளைந்து களைத்துப்போகும். அதனால் குறித்த காலத்துக்கு ஒரு முறை எல்லா நாற்காலிகளையும் சற்று நகர்த்தி மாட்ட வேண்டும். அலுப்பான வேலை. வேக வகையில் பிடி ஒவ்வொரு சுற்றிலும் வேறு இடத்தைக் கவ்வுவதால் அந்தத் தொல்லை இல்லை.

இரு மடங்கு வேகம் என்றால் கரண்ட் பில் இரு மடங்கு ஆகுமா?

அத்திப்பட்டு அனல் மின் நிலையத்தில் வேலை பார்க்கும் நண்பர் கேட்டது. ஆகாது. மணிக்கு 2,400 பேரை, ஆளுக்கு 80 கிலோ வீதம், 400 மீட்டர் உயரத்துக்குத் தூக்க சுமார் 210 கிலோவாட் தேவை. மெதுவாகத் தூக்கினாலும் வேகமாகத் தூக்கினாலும் மணிக்கு அத்தனை பேர் என்றால் அதே வேலைதான். உராய்வும் நிலையத்து எந்திரங்களும் கொஞ்சம் கூட்டும். அவ்வளவுதான்.

பிடி கழன்று கழன்று மாட்டுவது ஆபத்து இல்லையா?

அம்மாக்கள் எல்லோரும் இதைத்தான் கேட்கிறார்கள், என் அக்கா உள்பட.

ஆபத்தாக இருந்த காலம் உண்டு. 1995 டிசம்பரில் கனடாவின் விஸ்லர் மலையில், கழன்று மாட்டும் வகை லிஃப்ட் ஒன்றில் பிடி நழுவி, நாற்காலிகள் வடத்தில் சரிந்து மோதிக் கீழே விழுந்தன. இரண்டு பேர் இறந்தார்கள். அந்த வடிவமைப்பில் செய்த வேக லிஃப்டுகளை அதன்பிறகு மாற்றினார்கள் அல்லது கழற்றிவிட்டார்கள். ஒவ்வொரு முறையும் பிடியின் இறுக்கத்தை அளந்து, குறைந்தால் நிறுத்தும் ஏற்பாடு எவ்வளவு முக்கியம் என்பதை இதிலிருந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வகைக்கும் பொதுவான காப்புகள்: சாதாரண பிரேக், பெரிய சக்கரத்தையே பிடித்து நிறுத்தும் அவசர பிரேக், வடம் பின்னோக்கி உருளாமல் தடுக்கும் ஏற்பாடு. மின்சாரம் போனால் ஆட்களை இறக்கிவிட மாற்று எந்திரம் ஒன்று. வடத்தைக் காந்தக் கருவியால் பரிசோதிப்பார்கள். உள்ளே அறுந்த கம்பிகூடத் தெரிந்துவிடும்.

எனக்கு வியப்பாக இருந்தது வடத்தின் மூட்டு. முடிவில்லாத வளையம் என்றேன் அல்லவா? இரண்டு முனைகளை எங்கேயோ ஒன்று சேர்த்துத்தான் ஆக வேண்டும். முடிச்சும் போட முடியாது, கிளாம்பும் மாட்ட முடியாது, கப்பியில் ஏறாது. ஆகவே ஸ்ப்ளைஸ் செய்கிறார்கள். ஆறு புரிகளையும் பிரித்து, ஒரு பக்கத்துப் புரியை எடுத்துவிட்டு அதன் பள்ளத்தில் மறுபக்கத்துப் புரியைப் படியவைத்து, நுனிகளை வடத்தின் நடுவுக்குள் புதைத்துவிடுகிறார்கள். இந்த மூட்டின் நீளம் வடத்தின் விட்டத்தைப் போல சுமார் 1,200 மடங்கு. 40 மில்லிமீட்டர் வடத்துக்கு 48 மீட்டர். துறைமுகத்தில் எத்தனையோ வடத்துக்குக் கண்ணி பின்னியிருக்கிறோம், அதெல்லாம் கை நீள வேலை. 48 மீட்டர் மூட்டைப் பின்னி முடித்து, விட்டத்தில் வித்தியாசமே தெரியாமல் கப்பியில் ஓடவிடுகிறவர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

காற்று பலமாக அடித்தால்?

இரண்டுமே நிற்கும். பழனியில் காற்று அதிகம் அடித்தால் ரோப் காரை நிறுத்திவிடுகிறார்கள் என்று செய்தித்தாளில் படிக்கிறோமே, அதே காரணம். வேக வகையில் ஒரு கூடுதல் சங்கடம்: ஊசலாடும் நாற்காலி நிலையத்தின் குறுகலான வழிக்குள் நேராக நுழைந்தாக வேண்டும். காற்று வீசும் முகட்டில் வேக லிஃப்டைப் போடப்போகிறார்கள் என்றால், ஒரு சீசனில் எத்தனை நாள் நிறுத்த வேண்டியிருக்கும் என்பதை முதலிலேயே கேட்டுவிட வேண்டும்.

பழைய வகையையே கொஞ்சம் வேகமாக ஓட்ட வழி இல்லையா?

இருக்கிறது. ஏறும் இடத்தில் தரையில் ஓடும் ரப்பர் பட்டை ஒன்றைப் போடுவார்கள். அது ஆட்களை நாற்காலி போகும் திசையிலேயே மெல்ல நகர்த்திக் கொண்டுபோகும். ஆளும் நகர்கிறார், நாற்காலியும் நகர்கிறது. முட்டியில் இடிப்பது குறைவாகத் தெரியும். அதனால் வடத்தைச் சற்றுக் கூடுதல் வேகத்தில் ஓட்டலாம், விழுகிறவர்களும் குறைவார்கள். நான்கு இருக்கை, பழைய வகைப் பிடி, அதோடு இந்தப் பட்டை. இந்தச் சேர்க்கையைப் பற்றி நிர்வாகத்தின் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. அதுதான் எனக்கு உறுத்துகிறது.

சேர்லிஃப்டை முதலில் செய்தவர் யார்?

வாழைத்தார் ஏற்றத் தெரிந்த ஒருவர். யூனியன் பசிபிக் ரயில்வேயில் பொறியாளராக இருந்த ஜேம்ஸ் கரன், அதற்கு முன்பு கப்பலில் வாழைத்தார் ஏற்றும் ஓடுவடத்தில் வேலை செய்தவர். வடத்தில் கொக்கிகள், கொக்கியில் தார். கொக்கியை எடுத்துவிட்டு நாற்காலியை மாட்டினால் என்ன என்று யோசித்தார். எந்த வேகத்தில் வந்தால் ஆள் சங்கடமில்லாமல் உட்கார முடியும் என்று பார்க்க, ஓமஹா நகரில் ஒரு லாரியின் பக்கவாட்டில் நாற்காலியைக் கட்டி, பனி இல்லாததால் சக்கரக் காலணி மாட்டிய ஆட்களை நிறுத்திச் சோதித்தார்கள். 1936-ல் ஐடஹோவின் சன் வேலியில் ஓடத் தொடங்கியது. ரயில்வேயும் துறைமுகமும் சேர்ந்து பெற்ற பிள்ளை என்பதால் எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு இதில் கொஞ்சம் பாத்தியதை உண்டு என்று வைத்துக்கொள்கிறேன்.

நம் நாட்டில் உத்தராகண்டின் ஆலி, காஷ்மீரின் குல்மார்க் போன்ற பனிச்சறுக்கு இடங்களுக்கு வேக லிஃப்ட் வேண்டாமா?

ஆலியில் உள்ள சேர்லிஃப்ட் சுமார் 800 மீட்டர்தான். மெதுவாகப் போனாலும் ஆறு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். வேகமாக்கினால் மிச்சமாவது மூன்று நிமிடம். அதற்காக இரு மடங்கு செலவு செய்வதில் அர்த்தமில்லை. அங்கே உள்ள பிரச்சினைகள் வேறு: ஜோஷிமட்டில் நிலம் புதைந்ததால், ஊரிலிருந்து ஆலிக்குப் போகும் நான்கு கிலோமீட்டர் ரோப்வே 2023 ஜனவரியில் நிறுத்தப்பட்டது, பனி போதாமல் போட்டிகளைத் தள்ளிவைத்த ஆண்டுகளும் உண்டு. குல்மார்க்கில் பெரும் கூட்டம் மூடிய பெட்டிகள் வடத்தில் ஓடும் கோண்டோலாவுக்குத்தான். அதில் ஏறுகிறவர்களில் பாதிக்கு மேல் பனியைப் பார்க்க வருகிற நம்மைப் போன்றவர்கள்; ஒரு முறை ஏறி இறங்குவார்கள், சுற்ற மாட்டார்கள். அங்கே இந்தக் கணக்கே வேறு.

சரி, அக்கா மகனுக்கு என்ன பதில் சொன்னீர்கள்?

இருக்கையை இரண்டிலிருந்து நான்காக்குவதற்குச் சரி என்று எழுது. வேகத்துக்கு இப்போது வேண்டாம் என்று எழுது. அவர்கள் லிஃப்ட் 1,500 மீட்டருக்குக் கிட்டத்தட்ட வருகிறது, அது எல்லைக்கோட்டில் இருக்கும் நீளம். இரண்டு கிலோமீட்டருக்கு மேல், அடிவாரத்திலிருந்து எல்லோரும் ஏறியே ஆக வேண்டிய ஒரே லிஃப்ட் என்றால் வேகத்துக்கே என் ஓட்டு. பதினைந்து நிமிடம் ஒருவரையும் குளிரில் தொங்கவிடக் கூடாது. இங்கே அப்படி இல்லை. மிச்சமாகும் பணத்தில் பனி தயாரிக்கும் எந்திரங்களைப் புதுப்பிக்கலாம், சரிவில் இன்னொரு பாதை வெட்டலாம். 2,400 பேர் இறங்க அது எப்படியும் தேவைப்படும்.

அவன் ஒப்புக்கொள்ளவில்லை. பக்கத்து மலைகள் எல்லாம் வேக லிஃப்ட் போட்டுவிட்டன, மெதுவான லிஃப்ட் என்றாலே ஆட்கள் வேறிடம் போய்விடுவார்கள், டிக்கெட் விற்காவிட்டால் உங்கள் கணக்கை வைத்து என்ன செய்வது என்கிறான். அதற்கு என்னிடம் வடக் கணக்கில் பதில் இல்லை. அது வியாபாரக் கணக்கு. மண்ணடியில் கடை வைத்திருப்பவனுக்கு அது புரியாமலும் இல்லை. ஆனால் அப்படியென்றால் "வரிசை குறையும்" என்று கடிதம் எழுதாமல், "போட்டிக்காக வாங்குகிறோம்" என்று நிர்வாகம் எழுதட்டும்.

பழைய நாற்காலிகளையும் வடத்தையும் என்ன செய்வார்கள்?

நாற்காலிகளுக்கு அங்கே கிராக்கி. விற்பனைக்கு வந்தால் ஆட்கள் வாங்கிப்போய் வீட்டு வாசலில் ஊஞ்சலாக மாட்டிக்கொள்கிறார்கள். ஒன்று கிடைக்குமா என்று என் மனைவி கேட்கிறாள். கப்பல் கூலியைச் சொன்னதும் பேச்சை விட்டுவிட்டாள்.

வடத்தைப் பற்றிக் கேட்டவர்கள் பழைய இரும்பு வியாபாரிகள். வேலி போடலாம், தோட்டத்தில் கைப்பிடி கட்டலாம், உருக்கலாம். தூக்கும் வேலைக்கு மட்டும் யாரும் வாங்காதீர்கள். ஆயிரக்கணக்கான மணி நேரம் கப்பியில் வளைந்து நிமிர்ந்த வடம் வெளியே பளபளவென்றுதான் இருக்கும். உள்ளே கம்பிகள் களைத்திருப்பது கண்ணுக்குத் தெரியாது. மலிவாகக் கிடைக்கிறது என்று செயின் பிளாக்கில் மாட்டலாமா என்று கேட்டு யாராவது கடைக்கு வந்தால் நான் விற்க மாட்டேன். பக்கத்துக் கடையிலும் கேட்க வேண்டாம்.